ஐந்தாம் காற்றுக்கு மட்டும்

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் வயதுக்காரிகளே, வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் சங்கரன்கோவிலில் பாய்மரப் படகு ஓட்டியிருக்கிறேன்.

சிரித்து முடித்துவிட்டீர்களா? அன்றைக்கும் இப்படித்தான் சிரித்தார்கள். கடல் எங்கே, சங்கரன்கோவில் எங்கே என்று போன வாரம் என் மருமகன்கூடக் கேட்டார். எனக்கும் பூகோளம் தெரியும். படகுக்குக் கடல் தேவையில்லை. தண்ணீரும் காற்றும் ஒரே நாளில் வந்தால் போதும்.

அந்த ஒரே நாள்தான் நம் ஊரில் வாய்க்காது. ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று புகுந்து கூரை ஓட்டைத் தூக்கும். அப்போது குளத்துக்குள் பையன்கள் பந்து விளையாடுவார்கள். கார்த்திகையில் குளம் நிரம்பி மறுகால் பாயும். அப்போது விளக்குத் திரிகூட அசையாது. நான் ஏழாம் வகுப்புப் படித்த வருஷம் மட்டும் இந்த ஏற்பாடு தவறிவிட்டது. எழுபதுகளின் கடைசி அது. ஐப்பசி மழை கொட்டித் தீர்த்திருந்தது, சித்திரையில் கோடை மழையும் பெய்தது. ஆடி பிறந்த பிறகும் ஊருக்கு மேற்கே இருந்த குளத்தில் பாதித் தண்ணீர் கிடந்தது. அதன் மேல் காற்று அடித்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவர்கள் எல்லாரும் சும்மா இருக்கவே பிறந்தவர்கள்.

எனக்குத் துணை என் அத்தை மகள். என் வயது, என் வகுப்பு. அவள் தூத்துக்குடியில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவள் என்பதால் கப்பல் பற்றி அவள் சொன்னதுதான் எங்களுக்குச் சட்டம். கப்பல்காரன் காற்று வேண்டுமென்றால் விசில் அடிப்பான் என்றாள். கப்பலில் ஒருவர்தான் தலைவர், அது தான்தான் என்றும் சொன்னாள். முதலாவதை நம்பினேன்.

படகு என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். காற்று அடைத்த இரண்டு பழைய லாரி டியூப், அதன் மேல் கயிறு அறுந்த கட்டில் சட்டம், பாய்மரத்துக்குக் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிய துரட்டிக் கம்பு. பின்பக்கம் திருப்பிவிட ஒரு பலகை. பாய்க்குத்தான் எங்கள் தெருவில் பஞ்சமே இல்லை. என் அப்பா பவர்லூமில் தறி ஓட்டினார். ஊடை, அதாவது குறுக்கு நூல், விட்டுப்போன டேமேஜ் துண்டுகள் வீட்டில் கிடக்கும். நாலைந்தைச் சேர்த்துத் தைத்துக் கம்பில் ஏற்றினோம். அது ஈரத் துணியைப்போலத் தொங்கியது. காற்று அதற்குள் புகுந்து, ஊடை விட்ட இடம் வழியாகப் பேசாமல் வெளியே போனது.

வேறு ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் பாயை மாற்றியிருப்பார்கள். நாங்கள் நெசவுத் தெருப் பிள்ளைகள். கஞ்சி போடாத நூலை நூலாகவும், கஞ்சி போடாத துணியைத் துணியாகவும் மதித்ததில்லை. என் அம்மா தறியில் ஏற்றும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் வேலைக்குப் போவாள். வீட்டில் எப்போதும் ஒரு கஞ்சிப் பானை இருக்கும். அதிலிருந்து இரண்டு செம்பு எடுத்துப் பாயின் இரண்டு பக்கமும் தடவி, கள்ளிவேலி மேல் காயப்போட்டோம். காய்ந்ததும் பாய் அப்பளம் மாதிரி விறைத்து நின்றது. தட்டினால் சத்தம் வந்தது. புளித்த கஞ்சி வாசனையும் வந்தது. அந்த வாசனை இன்றைக்கு எங்கே வந்தாலும் எனக்குக் கால் ஈரமாவதுபோல இருக்கும்.

குளத்தின் மேற்கு ஓரம் ஆழம் குறைவு. அங்கிருந்து ஏறினால் மேல்காற்று எங்களைக் கிழக்கே கரையில் மடைப்பக்கம் கொண்டுபோய் விடும். திரும்பக் கூட்டிக்கொண்டு வராது. போக மட்டும்தான் டிக்கெட். வருவதற்குக் கயிற்றைக் கட்டி, உடைமரத்து முள்ளில் பாவாடையைக் கிழித்துக்கொண்டு, ஓரமாக இழுத்து வர வேண்டும். கால் மணி நேரம் மாலுமி, ஒரு மணி நேரம் வண்டிமாடு.

பத்து நாளில் எங்களுக்குக் காற்று பிடிபட்டுவிட்டது. என் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் காற்றுக்கு நம்பர் போட்டு எழுதி வைத்தேன். தறிக்கூடத்து வாசலில் கிடக்கும் பஞ்சு மெதுவாக உருண்டால் ஒன்றாம் காற்று. அந்தக் காற்றில் படகு நகராது. ஆனால் படகில் இருக்கிற இரண்டு பேரும் தான்தான் தலைவர் என்று சண்டை போடுவார்கள். கொடியில் காயும் பாவாடை உப்பினால் இரண்டு. அதில் பாட்டு வரும். டீக்கடை வாசலில் சினிமா போஸ்டர் ஒட்டிய தட்டி குப்புற விழுந்தால் மூன்று. அதில் பாட்டு நின்றுபோகும், தலைவர் பதவியை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பார்கள். நான்காம் காற்றில் பஸ் ஸ்டாண்டுப் போலீஸ்காரரின் தொப்பி ஓடும், அவரும் பின்னால் ஓடுவார். அந்தக் காற்றில் மாட்டிய மாலுமி கோமதி அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொள்வாள். தறிக்கூடத்துத் தகரம் பறந்தால் அது ஐந்து. ஐந்தாம் காற்றில் மாலுமிகள் கரையில் உட்கார்ந்து கடலை தின்றபடி, நினைத்திருந்தால் போயிருக்கலாம் என்று பேசிக்கொண்டிருப்பார்கள்.

அந்த நோட்டு எந்தப் பழைய பேப்பர் கடைக்குப் போனதோ தெரியாது. போனால் போகட்டும், எனக்கு மனப்பாடம்.

பாயின் அடி ஓரம் தண்ணீரில் நனைந்துகொண்டே வரும். நனைந்த கஞ்சி போய்விடும் என்பதால் தினமும் சாயங்காலம் புதுக் கஞ்சி தடவுவோம். ஒரு வாரத்தில் கெண்டைகள் படகுக்குப் பின்னாலேயே வர ஆரம்பித்தன. முதலில் நாலு, பிறகு நாற்பது. நாங்கள் கரையேறின பிறகும் மடைப்பக்கமே நின்றன. எங்கள் ஓட்டத்தைப் பார்க்க வருகின்றன என்று அத்தை மகள் சொன்னாள். அதையும் நம்பினேன்.

நம்பாத ஆள் ஒருவர் இருந்தார். குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்தவர். ஒரு புதன்கிழமை எங்கள் இருவரையும் பெரிய சார் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய சார் என்றால் எங்கள் தலைமை ஆசிரியர். மேஜைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் குத்தகைக்காரர்.

“சார், ஒரு வாரமா என் வலையில தவளதான் விழுது. மீனு பூரா மடைப்பக்கம் போயி நிக்கி. இந்த ரெண்டு பிள்ளையளும் தெனம் அங்கனதான் கரையேறுது. என்னத்தப் போட்டுப் பிடிக்குன்னு நீங்களே கேளுங்க.”

“மீன் பிடிச்சியளா?” என்றார் பெரிய சார்.

“இல்ல சார். படகுல வந்தோம்,” என்றேன்.

“துடுப்பு வச்சிருக்கியளா? கம்பு?”

“கெடையாது சார். காத்துல வந்தோம்.”

பெரிய சார் குத்தகைக்காரரைப் பார்த்தார். குத்தகைக்காரர் வாசலில் நின்ற பியூனைப் பார்த்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். “சங்கரன்கோயில்ல காத்துல கப்பல் விடுதாளாம்!” என்று பியூன் அடுத்த வகுப்பு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். எனக்குக் காது எரிந்தது. திருடி என்று சொன்னதைவிட, அந்தக் குளத்தை நாங்கள் காற்றில் கடக்க முடியாது என்று அவர்கள் அவ்வளவு லேசாக முடிவு செய்ததுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

பெரிய சார் இரண்டு வெள்ளைத் தாளை நீட்டினார். குளத்தில் மீன் பிடித்தது தவறு, இனிமேல் செய்ய மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் அப்பாவைக் கூட்டி வந்து டி.சி. வாங்கிக்கொண்டு போகலாம். அத்தை மகள் நான் பேனா மூடியைக் கழற்றும் முன்பே எழுதி முடித்துவிட்டாள். நடுவில் ஒரு எழுத்துப்பிழைகூட இல்லை.

“நான் எழுத மாட்டேன் சார். பிடிக்கல.”

“அப்ப நாளைக்கு அப்பாவக் கூட்டிட்டு வா.”

இப்போது என் வீட்டு நிலைமையைச் சொல்ல வேண்டும். பெண்பிள்ளைக்கு ஆறாவது போதாதா என்று பெரியப்பா அந்தக் கோடை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற ஒரு கை கிடைக்கும் என்பது அவர் எண்ணம். ஒரு சாக்குக் கிடைத்தால் போதும், என் படிப்பு நின்றுவிடும். இது எனக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும்.

“ஒரு தாளுதான மக்கா,” என்றார் அப்பா. “எழுதிக் குடுத்துட்டுப் படியேன்.”

“எடுக்காத மீன எடுத்தேன்னு எழுதணுமாப்பா?”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தறிக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவரைக் கோழை என்று நினைத்தேன். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மிஞ்ச வேண்டும் என்று பயந்த மனிதர் அவர் என்பது எனக்கே பிள்ளைகள் பிறந்த பிறகுதான் விளங்கியது. விளங்கியது என்று சொல்கிறேன். அவர் சொன்னது சரி என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

அம்மா வேறு மாதிரி. “பொம்பளப் பிள்ளைக்குக் கொளத்துல என்னட்டி சோலி?” என்று அகப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அடி விழுந்தது. அடியோடு அடியாக நானும் ஒன்று கேட்டேன். “நாங்க காத்துலதான் வந்தோம். நீயாவது நம்புதியா?” அம்மா அகப்பையைக் கீழே வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. நானே பெரிய சார் ரூம் வாசலில் போய் நின்றேன். “சனிக்கெழம லீவுதான சார். கொளத்துக்கு வாங்க. காத்துல ஓட்டிக் காட்டுதேன். ஓடலேன்னா நீங்க சொல்லுத மாதிரி எழுதித் தாரேன்.” அந்த வருஷம் அவருக்கு வேறு பொழுதுபோக்கு இல்லையோ என்னவோ, சரி என்றார்.

சனிக்கிழமை காலையில் கரையில் தேருக்குக் கூடுகிற மாதிரிக் கூட்டம். பெரிய சார் குடையோடு வந்தார். குத்தகைக்காரர் தன் ஆட்களோடு வந்தார். பெரியப்பா வந்தார். அப்பா யாருக்கும் தெரியாமல் ஒரு மரத்தடியில் நின்றார். டீக்கடைக்காரர் தூக்கில் டீ கொண்டுவந்து விற்றார். காற்றுதான் வரவில்லை. ஆடி மாதத்தில், முப்பது நாளும் ஆளைத் தள்ளிக்கொண்டிருந்த காற்று, அன்றைக்கு வரவில்லை. கரையடிப் புளியமரங்களின் கீழே நெசவுக்காரப் பெண்கள் நூலை நீளமாக விரித்துக் கட்டிப் பாவுக்குக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் அதில் இருந்தாள். காற்று இல்லாத நாளில்தான் அதைச் செய்ய முடியும். அவர்களுக்கு அது அருமையான நாள்.

இன்னொரு இடியும் இருந்தது. மேற்கு ஓரத்தில் நானும் அத்தை மகளும் பாயை விரித்தபோது அது வெள்ளை வெளேர் என்று, நீலம் போட்டு, மெத்தென்று இருந்தது. ஊர்ப் பெரிய மனுஷர்கள் பார்க்கப் போகிறார்கள் என்று அம்மா அதை முந்தின நாள் அடித்துத் துவைத்திருக்கிறாள். கஞ்சி துளிகூட இல்லை. பாய் பழையபடி தொங்கியது.

“ஏட்டி, ஏறு,” என்றேன்.

“நான் ஏற மாட்டேன். கையெழுத்துப் போட்டிருக்கேன்லா,” என்றாள் அத்தை மகள். இதை அவள் பேரன்கள் எதிரிலும் நான் சொல்லிக் காட்டுகிறேன். அவளும் மறுப்பதில்லை.

நான் மட்டும் ஏறி உட்கார்ந்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஒன்றாம் காற்றுக்கும் கீழே ஒரு நம்பர் வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எதிர்க்கரையில் வெள்ளைச் சட்டைகள் தெரிந்தன. அசையாத தண்ணீரின் மேல் சிரிப்பு நன்றாகக் கேட்கும். “காத்துக்குத் தந்தி அடிச்சிருக்கா, வந்துரும் வே!” என்று குத்தகைக்காரர் யாருக்கோ சொன்னது தெளிவாக என் காதில் விழுந்தது. அரை மணி போயிற்று. பெரிய சார் எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டார்.

அப்போது நான் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தேன்.

எங்கள் தெருவில் பெண்பிள்ளை விசில் அடித்தால் குடும்பமே தலைகுனிய வேண்டும். அந்தச் சத்தம் குளம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. எதிர்க்கரைச் சிரிப்பு நின்றது. பெரியப்பா தலையில் கை வைத்ததைப் பார்த்தேன். இன்னொரு தடவை அடித்தேன், இன்னும் நீளமாக. எப்படியும் எல்லாம் போகப் போகிறது, குறையாக ஏன் அடிக்க வேண்டும்?

விசிலுக்குத்தான் வந்தது என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் வந்தது. முதுகில் முதலில் ஒரு குளிர்ச்சி, சாரல் வாசனை. சாரலில் நனைந்து இழை நெருங்கிய பாய் ஒரு தடவை சிலிர்த்து, கஞ்சி இல்லாமலே உப்பியது. இரண்டாம் காற்று. படகு நகர்ந்தது. பாதிக் குளத்தில் அது மூன்றாகி, மூச்சு விடுவதற்குள் நான்காகிவிட்டது. எதிர்க்கரையில் பெரிய சாரின் குடை மேலே திரும்பிக்கொண்டு கிண்ணம்போல ஆனது. டீத் தூக்கு உருண்டது. பெண்கள் கத்திக்கொண்டு பாவு நூலைச் சுருட்டினார்கள். துரட்டிக் கம்பு வளைந்தது, கட்டில் ஒரு பக்கம் தூக்கியது, ஒரு டியூப் புஸ்ஸென்று ஏதோ சொல்ல ஆரம்பித்தது. கோமதி அம்மனுக்கு ஒரு மாவிளக்கு என்றேன். கரை நெருங்குவதற்குள் அதை மூன்றாக்கினேன். எனக்குப் பயமாக இருந்தது, நன்றாகவே பயமாக இருந்தது. ஆனால் வாய் மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. எதிர்க்கரையில் இருப்பவர்கள் பாட்டைக் கேட்க வேண்டும் என்பதற்காகவே பாடினேன்.

மடைக்கல்லில் மோதித்தான் நின்றேன். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அப்பா மரத்தடியை விட்டு முன்னால் வந்து படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

குத்தகைக்காரர் லேசில் விடுகிறவரா? “சரி சார், காத்துல வந்துட்டா, ஒத்துக்கிடுதேன். ஆனா பின்னால ஒரு மீனாச்சும் வந்துச்சா? பாத்தியளா? இன்னைக்குத் தூண்டி இல்ல, அதான் மீனும் இல்ல!”

கூட்டம் ஆமாம் என்று தலையாட்டியது. மீன் ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியவில்லை. சொன்னபடி ஓட்டிக் காட்டிவிட்டு, கடைசியில் திருடியாகவே நிற்கிறேனே என்று கண்ணில் தண்ணீர் முட்டியது.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பாயின் ஓரத்தை விரலால் நிமிண்டிப் பார்த்தாள், துணிக்கடையில் பார்ப்பதுபோல.

“ஏட்டி, இதுக்குக் கஞ்சியா போட்டிருந்திய?”

“ஆமா.”

“தெனமுமா? நேத்து அலசுதப்ப வழவழன்னு வந்துச்சே. என் கஞ்சிப் பானை கொறஞ்சது இதுக்குத்தானா?” அவள் திரும்பி நடந்து, புளியமரத்தடியில் இருந்த கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மடைப்பக்கம் சட்டியை அப்படியே கவிழ்த்தாள்.

தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு கெண்டை துள்ளியது. அப்புறம் எண்ண முடியவில்லை. அலையைக் கிழித்துக்கொண்டு வந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வாயைத் திறந்து திறந்து மூடின.

“அண்ணாச்சி,” என்றாள் அம்மா குத்தகைக்காரரிடம், “ஒங்க மீனு எங்க வீட்டுக் கஞ்சியக் குடிச்சிருக்கு. யாரு வீட்டுல யாரு திருடுனாங்கிறதை இப்பச் சொல்லுங்க.”

கரையே சிரித்தது. இந்தத் தடவை என்னைப் பார்த்து இல்லை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். பெரிய சார் முடிக்க விடவில்லை. திங்கள்கிழமை மறுபடி ரூமுக்குக் கூப்பிட்டார். மீன் பிடிக்கவில்லை, சரி; ஆனால் பெண்பிள்ளை குளத்தில் படகு விட்டதும் விசில் அடித்ததும் ஒழுங்கீனம், பைலில் ஒரு தாள் இருந்தே ஆக வேண்டும் என்றார். அதே வெள்ளைத் தாள். இனிமேல் செய்ய மாட்டேன் என்று என் கைப்பட எழுத வேண்டும். வாசலில் அப்பா நின்றார். இந்தத் தடவை எழுதிக் கொடு என்று அவர் சொல்லவில்லை.

நான் எழுதினேன். ‘ஐயா, ஐந்தாம் காற்று அடிக்கும்போது குளத்தில் படகு விட மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.’ கீழே கையெழுத்து.

பெரிய சார் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

“அஞ்சாம் காத்துன்னா?”

“தகரம் பறக்கும் சார்.”

அவர் வளைந்த கம்பியோடு மூலையில் நின்ற தன் குடையைப் பார்த்தார். பிறகு தாளை மடித்துப் பைலில் வைத்துக்கொண்டார். நான் எட்டாம் வகுப்புக்குப் போனேன், அதற்கு மேலும் போனேன்.

ஆவணியில் குளம் வற்றிவிட்டது. தண்ணீரும் காற்றும் அப்படிச் சேர்ந்து வந்த இன்னொரு வருஷத்தை நான் அந்த ஊரில் பார்க்கவில்லை. மூன்று மாவிளக்கில் ஒன்று இன்னும் பாக்கி இருக்கிறது. அது எனக்கும் அம்மனுக்கும் உள்ள விவகாரம்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நம் வயதில் மறுபடியும் நம்மிடம் தாளை நீட்ட ஆரம்பித்திருக்கிறார்கள். தனியாக பஸ் ஏறாதே, மாடிப்படி ஏறாதே, குற்றாலத்தில் குளிக்காதே, சத்தம் போட்டுச் சிரிக்காதே. என் மகன் போன மாதம் எதிரில் உட்கார்ந்து, இனிமேல் தனியாக எங்கேயும் போக மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா என்றான். நல்ல பிள்ளை, பயந்த பிள்ளை, தாத்தாவைப் போல.

சொல்கிறேன் என்றேன். தகரம் பறக்கிற அன்றைக்குப் போக மாட்டேன்.